ஊருக்கெல்லாம் ஓ நெகட்டிவ்

வெள்ளை ஓட்டுத் துண்டு ஒன்றில் மூன்று சொட்டு ரத்தம். முதல் சொட்டில் நீல மருந்து, இரண்டாவதில் மஞ்சள், மூன்றாவதில் நிறமே இல்லாத ஒன்று. குச்சியால் கலக்கிவிட்டு, ஓட்டை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார் லேப் அக்கா. எனக்கு முன்னால் நின்ற தோழியின் ரத்தம் மஞ்சள் மருந்து பட்டதும் பால் திரிந்தது போலத் திட்டுத்திட்டாகப் பிரிந்திருந்தது. நிறமில்லாத சொட்டிலும் அதே கதை. அவள் பி பாசிட்டிவ். என்னுடைய மூன்று சொட்டுகளும் எவ்வளவு சாய்த்தாலும் வழவழவென்று அப்படியே கிடந்தன.

“ஒண்ணுமே ஆகலையே அக்கா, மருந்து கெட்டுப்போச்சா?” என்றேன்.

“ஒண்ணுமே ஆகலன்னாத்தான் ஓ நெகட்டிவ். நீ யாருக்கு வேணாலும் கொடுக்கலாம்மா, யுனிவர்சல் டோனர்.”

பத்தொன்பது வயதில் ஒருத்தியிடம் இப்படிச் சொன்னால் அவள் கால் தரையில் நிற்குமா? கர்ணனுக்கு அடுத்து நான்தான் என்ற நினைப்பில் சில வருடங்கள் திரிந்தேன். அந்த நினைப்பு எப்படி ஒவ்வொரு சுற்றாகக் கழன்றது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ரத்தம் கொடுப்பதை நான் நிறுத்தவில்லை, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த ‘ஓ’. அதை எழுத்தாகப் படிப்பதைவிடப் பூஜ்யமாகப் படிப்பதுதான் பொருத்தம். வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் தன்னுடைய ரத்தத்தையும் கூட வேலை பார்த்தவர்களின் ரத்தத்தையும் எடுத்து, ஒருவர் சிவப்பணுவை இன்னொருவர் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் தெளிந்த நீரில்) கலந்து பார்த்து, 1901-ல் மூன்று வகைகளைப் பிரித்தார். ஏ, பி, சி என்று பெயர் வைத்தார். அந்த ‘சி’ தான் பிற்பாடு ‘ஓ’ ஆனது. ‘இல்லாமல்’ என்று பொருள்படும் ‘ஓனே’ என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அவருக்கு 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூன் 14 தான் உலக ரத்த தான நாள்.

எது இல்லை என்று கேட்டால், ஒரு சர்க்கரைத் துணுக்கு. சிவப்பணுவின் மேல் சின்னச் சின்னச் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஏ வகைக்காரர்களின் உடலில் ஒரு நொதி அந்தச் சங்கிலியின் நுனியில் ஒரு சர்க்கரையைக் கோக்கிறது. பி வகைக்காரர்களுக்கு அதே இடத்தில் வேறொரு சர்க்கரை. எங்களுக்கும் அந்த நொதியைச் செய்யும் ஜீன் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் பழுது. ஆயிரத்துச் சொச்சம் எழுத்துள்ள வரியில் 261-வது இடத்தில் ஒரே ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. மூன்று மூன்று எழுத்தாகப் பிரித்துப் படிக்க வேண்டிய வரி அது. ஒன்று விட்டுப்போனால் பின்னால் வருவதெல்லாம் ஓர் இடம் நகர்ந்து, உளறலாகி, பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஓ வகைக்காரர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் காரணம் என்பது 1990-ல் தெரிந்தது. ‘நெகட்டிவ்’ என்பது இன்னொரு இல்லாமை. ஆர்.ஹெச். என்ற இன்னொரு ரத்த வகைப் பிரிவில் டி என்ற புரதம் எங்களுக்குக் கிடையாது. பெரும்பாலான நெகட்டிவ்காரர்களுக்கு அந்த ஜீனே முழுசாகக் காணோம்.

ஆக, ஓர் அச்சுப்பிழை, ஒரு காணாமல்போன பக்கம். என் பெருமையின் ஆதாரம் இவ்வளவுதான். மற்றவர் உடலின் காவல்காரன் எதையெல்லாம் பார்த்துக் குரைப்பானோ அவற்றில் முக்கியமான மூன்று என் சிவப்பணுவில் இல்லை, அதனால் கேட்டில் தடுக்காமல் விடுகிறான்.

ஆனால் பையில் சிவப்பணு மட்டுமா இருக்கிறது? ரத்தத்தின் நீர்ப் பகுதியான என் பிளாஸ்மாவில் ஏ-க்கும் பி-க்கும் எதிரான ஆன்டிபாடிகள் நீந்துகின்றன. தன்னிடம் இல்லாத சர்க்கரைகளை என் உடல் எதிரியாகவே பார்க்கிறது. பிளாஸ்மாவைக் கணக்கில் எடுத்தால் நான் எல்லாருக்கும் கொடுப்பவள் இல்லை, அந்தப் பட்டம் ஏபி வகைக்காரர்களுக்கு. அவர்களிடம் இரண்டு ஆன்டிபாடியும் கிடையாது. ஓ வகையில் சிலருக்கு இந்த ஆன்டிபாடியின் வீரியம் மிக அதிகமாக இருக்கும். அவர்களின் ரத்தத்தைப் பிரிக்காமல் முழுசாக இன்னொரு வகைக்காரருக்கு ஏற்றினால் வாங்கியவரின் சிவப்பணுக்கள் உடையலாம். மருத்துவத்தில் இவர்களை ‘ஆபத்தான யுனிவர்சல் டோனர்’ என்றே அழைப்பதுண்டு. முதல்முறை அதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். கர்ணனுக்கு இப்படியும் ஒரு பட்டம்.

இன்று பெரும்பாலும் ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்துவிடுகிறார்கள். சிவப்பணு ஒரு பையில், பிளாஸ்மா இன்னொன்றில். சிவப்பணுப் பை குளிர்பெட்டியில், கலக்கும் திரவத்தைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் தாங்கும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டைக் குளிரில் வைக்காமல், அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள், அதற்குப் பொதுவாக ஐந்து நாள்தான் ஆயுள். நான் ஒருமுறை ஆர்வமாகப் பிளேட்லெட் கொடுக்கக் கேட்டபோது, பிள்ளை பெற்றவரா என்று கேட்டு, அப்படியென்றால் ஒரு சோதனை கூடுதலாகப் பண்ண வேண்டும் என்றார்கள். கர்ப்பத்தின்போது பிள்ளையின் வெள்ளணுக்களுக்கு எதிராகத் தாயின் உடல் ஆன்டிபாடி செய்திருக்கலாம், அது பிளாஸ்மாவோடு போய் வாங்குபவரின் நுரையீரலைக் கெடுக்கலாம். எல்லாருக்கும் கொடுப்பவள் என்ற பலகையில் இப்படிப் பொடி எழுத்தில் நிறைய இருக்கிறது.

இந்தப் பொடி எழுத்தெல்லாம் தெரியாத காலத்திலும் ஓ ரத்தம் உயிர் காத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில், 1917-ல், ஆஸ்வால்ட் ராபர்ட்சன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், இந்த வகை ரத்தத்தைக் கண்ணாடிப் புட்டிகளில் உறையாமல் தடுக்கும் மருந்தோடு சேர்த்து, ஐஸ் வைத்த பெட்டிகளில் போர்முனைக்கு அருகே கொண்டுபோனார். குண்டடி பட்டுக் கிடப்பவனுக்கு என்ன வகை என்று பார்க்க நேரமில்லாத இடம் அது. ஆர்.ஹெச். என்ற ஒன்று இருப்பதே அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அது வெளிச்சத்துக்கு வர 1940 ஆக வேண்டியிருந்தது.

இன்றும் ஓ நெகட்டிவின் உண்மையான இடம் அதுதான். ஒருவர் விபத்தில் அடிபட்டு வருகிறார், ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, பெயரே தெரியாது, வகை எங்கே தெரியும்? அந்த முதல் சில நிமிடங்களுக்கு. வகை பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஒத்துப்பார்க்கும் முழுச் சோதனைக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கலாம். வகை தெரிந்த மறுகணம் அவரவர் வகைக்கு மாறிவிடுவது நல்ல வழக்கம். ஓ நெகட்டிவ் குறைவாக இருக்கும் இடங்களில் ஆண்களுக்கும் பிள்ளை பெறும் வயதைத் தாண்டிய பெண்களுக்கும் அவசரத்தில் ஓ பாசிட்டிவையே ஏற்றுகிறார்கள், இளம்பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் மட்டும் நெகட்டிவை எடுத்துவைக்கிறார்கள். ஏன் அப்படி என்பது என் வாழ்க்கையிலேயே பிறகு வந்தது.

இப்போது அந்த போன் கதை. எங்கோ ஒரு பட்டியலில் என் எண் இருக்கிறது. இரவு பதினொன்றரைக்கு மணி அடித்தது.

“அக்கா, அவசரம். ஓ நெகட்டிவ் ரெண்டு யூனிட் வேணும். காலையில ஆபரேஷன்.”

எழுந்து உட்கார்ந்தேன். கடைசியாகக் கொடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது, கொடுக்கலாம். எங்கே வர வேண்டும் என்று கேட்டுவிட்டு, என்னவோ தோன்றி, “பேஷன்ட் யாரு தம்பி, சின்னக் குழந்தையா?” என்றேன்.

“இல்லக்கா, எங்க மாமா. ஏ பாசிட்டிவ்.”

“ஏ பாசிட்டிவா? அப்புறம் எதுக்கு ஓ நெகட்டிவ் தேடறீங்க?”

“ஓ நெகட்டிவ்னா எல்லாருக்கும் போடலாமாமேக்கா? அதான், கிடைச்சா அதையே வாங்கிடலாம்னு.”

எனக்குச் சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. அந்தத் தம்பி கேட்டதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவி என்றால் அதைத்தானே எவரும் தேடுவார்? அந்தச் சாவி கொத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, உங்கள் பூட்டுக்கான சாவியோ தெருவெல்லாம் கிடக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. இந்தியாவில் ஆர்.ஹெச். நெகட்டிவ் சுமார் 5 சதவீதம், ஐரோப்பிய வம்சாவளியினரில் 15 சதவீதம் போல, சீனர்களிலும் ஜப்பானியர்களிலும் 1 சதவீதத்துக்கும் கீழே. அதற்குள்ளும் ஓ வகை ஒரு பங்கு மட்டும். “உங்க மாமாவுக்கு ஏ பாசிட்டிவ், ஏ நெகட்டிவ், ஓ பாசிட்டிவ், ஓ நெகட்டிவ் நாலுமே ஒத்துக்கும். உங்க ஆபீஸ் குரூப்புல ‘ஏ பாசிட்டிவ், இல்லன்னா ஓ பாசிட்டிவ்’னு ஒரு மெசேஜ் போடுங்க. கிடைக்கலன்னா மறுபடி கூப்பிடுங்க, நான் வர்றேன்” என்றேன். இருபது நிமிடத்தில் “நாலு பேர் வர்றாங்கக்கா” என்று பதில் வந்தது.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். கையில் எடுத்ததும் அப்படியே உள்ளே ஏற்றிவிட மாட்டார்கள். ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ் என்று சோதனைகள் முடிய மணிக்கணக்காகும். அவசரத்தில் ஒருவரைக் காப்பாற்றுவது போன வாரமோ போன மாதமோ யாரோ கொடுத்துவிட்டுப் போன பைதான். அதனால்தான் பெரிய விபத்து என்ற செய்தி வந்ததும் எல்லாரும் ஒரே நாளில் வரிசையில் போய் நிற்பதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. மனசு நல்ல மனசுதான். ஆனால் அன்று கொடுத்தவர்கள் எல்லாரும் அடுத்த மூன்று நான்கு மாதம் கொடுக்க முடியாது, எடுத்ததற்கும் நாள் கெடு இருக்கிறது. யாரும் கூப்பிடாத சாதாரணச் செவ்வாய்க்கிழமைதான் என் கணக்கில் நல்ல நாள்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை போய் அவமானப்பட்டும் வந்தேன். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை நீல நிற காப்பர் சல்ஃபேட் கரைசலில் விடுவார்கள். அந்தக் கரைசலின் அடர்த்தியை 1.053 என்று அளந்து வைத்திருப்பார்கள். ஹீமோகுளோபின் 12.5-க்கு மேலே இருந்தால் சொட்டு கனமாக இருக்கும், கீழே போய்விடும். என் சொட்டு பாதி தூரம் இறங்கியது, யோசித்தது, மெல்ல மேலே ஏறி வந்தது. நர்ஸும் நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“மிதக்குதே மேடம்.”

“இன்னொரு தடவை பாருங்களேன்.”

இன்னொரு தடவையும் மிதந்தது. ஒவ்வொரு முறையும் 200-லிருந்து 250 மில்லிகிராம் வரை இரும்பு வெளியே போகிறது, மாதவிடாய் நிற்காத பெண்ணின் உடலில் சேமிப்பே சில நூறு மில்லிகிராம்தான் என்பதெல்லாம் பிறகு டாக்டர் சொன்னது. நீர்ப் பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும், சிவப்பணு ஒன்றிரண்டு மாதத்தில் தேறிவிடும், இரும்பு மட்டும் நிதானமாகத்தான் வரும். ஊரெல்லாம் ‘உங்கள் வகைக்குத் தட்டுப்பாடு’ என்று கூப்பிடக் கூப்பிட, கெடு முடிந்த மறுநாளே போய்ப் போய் நின்றதன் பலன். மூன்று மாதம் மாத்திரை. அந்த நர்ஸ் கதவு வரை வந்து, “கிடைக்கறப்ப குடுங்க மேடம், கரைஞ்சு போற வரைக்கும் வேணாம்” என்றார்.

சரி, இனி என் கர்வத்தின் கடைசிச் சுற்று. இதற்கு என் மகள் பிறந்த நாளுக்குப் போக வேண்டும்.

என் கணவர் பி பாசிட்டிவ். மகள் பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தார்கள், அவளும் பி பாசிட்டிவ். மறுநாள் காலை ஒரு நர்ஸ் வந்து என் தொடையில் ஓர் ஊசி போட்டார். தூக்கமும் வலியுமாகக் கிடந்தேன், எதற்கென்று சரியாகக் கேட்கவில்லை. ‘ஆன்டி-டி’ என்றார், தலையாட்டினேன். ஏழாம் மாதத்திலும் ஒன்று போட்டிருந்தார்கள். அந்தச் சின்ன அட்டைப்பெட்டியை எதற்கோ எடுத்துவைத்திருந்தேன். பல மாதம் கழித்து, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு ஓய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு மதியம், உள்ளே மடித்திருந்த தாளை விரித்துப் படித்தேன். மனித பிளாஸ்மாவிலிருந்து தயாரிக்கப்பட்டது என்று இருந்தது. யாருடைய பிளாஸ்மா?

விஷயம் இதுதான். பிரசவத்தின்போது பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்துவிடும். என் உடல் டி என்ற புரதத்தைப் பார்த்ததே கிடையாது. பார்த்ததும் அதை அடையாளம் வைத்துக்கொள்ளும், ஆன்டிபாடி செய்யக் கற்றுக்கொள்ளும். முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இரண்டாவது பிள்ளையும் பாசிட்டிவாக இருந்தால், அந்த ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய் உள்ளிருக்கும் பிள்ளையின் சிவப்பணுக்களை உடைக்கும். மஞ்சள் காமாலை, மூளைப் பாதிப்பு, வயிற்றிலேயே சாவு வரை போகும். ஒரு காலத்தில் முதல் பிள்ளை தங்கி அடுத்தடுத்த பிள்ளைகள் தங்காமல் போன வீடுகள் எத்தனை! அந்தத் தாய்களை எவ்வளவு பேசியிருப்பார்கள்! பிறந்த 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி போட்டால், அது உள்ளே வந்த பிள்ளையின் அணுக்களை என் உடல் பார்ப்பதற்கு முன்பே துடைத்துவிடுகிறது. இளம்பெண்களுக்கு அவசரத்திலும் நெகட்டிவ் ரத்தமே ஏற்றப் பார்ப்பதும் இதே பயத்தில்தான்.

இந்த ஆன்டி-டி-யை இன்றும் பெரும்பாலும் மனிதர்கள்தான் தர வேண்டியிருக்கிறது. தருகிறவர்களும் நெகட்டிவ் வகைக்காரர்களே. தங்கள் உடலில் ஏற்கனவே டி-க்கு எதிரான ஆன்டிபாடி உள்ளவர்கள் சிலர். சிலர் அதற்காகவே, தெரிந்தே, பாசிட்டிவ் சிவப்பணுவைச் சிறு அளவில் ஏற்றிக்கொண்டு ஆன்டிபாடியை வளர்க்கிறார்கள். அப்படிச் செய்துகொண்டவர் நாளை விபத்தில் சிக்கினால், ‘அவசரத்துக்குப் பாசிட்டிவே போடுங்கள்’ என்ற கடைசிக் கதவும் அவருக்கு அடைபட்டிருக்கும். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் இருந்தார். பதினான்கு வயதில் பெரிய நுரையீரல் அறுவைச் சிகிச்சையில் ஊர்பேர் தெரியாதவர்களின் ரத்தத்தால் பிழைத்தவர். பதினெட்டு வயதில் கொடுக்கத் தொடங்கினார். அவரிடம் இந்த ஆன்டிபாடி வளமாக இருப்பது தெரிந்து, 2018-ல் 81 வயதில் நிறுத்தச் சொல்லும் வரை 1,173 முறை கொடுத்திருக்கிறார். ஊசி குத்துவதைப் பார்க்கவே அவருக்குப் பயமாம், முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். 2025 பிப்ரவரியில் காலமானார்.

எனக்குப் போட்ட ஊசிக்குள் இருந்தது எந்த ஊர்க்காரருடையதோ. ஆனால் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இருபது முறைக்கு மேல் கொடுத்திருந்த நான் அதுவரை வாங்கியதே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தது ஞாபகம் வந்தது. நான் கொடுத்தது பிறவியிலேயே இல்லாமல் போனதால் பயன்பட்ட ரத்தம். அந்த யாரோ ஒருவர் தன் பாதுகாப்பில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து வளர்த்ததை எனக்குத் தந்திருக்கிறார்.

என் மகள் போன மாதம் பதினெட்டைத் தொட்டாள். எடை இருக்கிறது, ஹீமோகுளோபின் 13.1 (அம்மாவைவிட அதிகம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள்). முதல் தானம் முடித்து முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தவள் முகத்தில் லேசான ஏமாற்றம்.

“உன்ன மாதிரி இருந்திருக்கலாம்மா. பி பாசிட்டிவ்லாம் ரொம்பச் சாதாரணம்.”

“சாதாரணமா இருக்கறவங்கதான் நிறைய பேருக்கு வேணும். அவங்களுக்கெல்லாம் யாரு கொடுப்பா?”

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். “அப்ப எனக்கு ஏதாவது ஆனா நீ கொடுக்கலாம்ல?”

“வகை ஒத்துக்கும். ஆனா சொந்த அம்மா அப்பா ரத்தத்த அப்படியே ஏத்த மாட்டாங்க. நெருங்கின சொந்தம்னா என்னோட வெள்ளணுவ உன் உடம்பு வேத்தாளுன்னு கண்டுபிடிக்காம விட்டுடலாம். அது உள்ள உக்காந்துக்கிட்டு உன்னயே தாக்கும். கதிர்வீச்சு கொடுத்து அத அடக்கிட்டுத்தான் ஏத்தணும். வெளியாள் ரத்தமே மேல்.”

“நான் உனக்கு?”

“முடியாது. உன்கிட்ட பி-யும் இருக்கு, டி-யும் இருக்கு. எனக்கு ஓ நெகட்டிவ் மட்டும்தான்.”

“வேற எதுவுமே ஆகாதா?”

“உயிர் போற அவசரம்னா ஓ பாசிட்டிவ் போடுவாங்க, மத்தபடி ஆகாது. இதுக்கும் மேல பாம்பே குரூப்னு ஒண்ணு இருக்கு, 1952-ல கண்டுபிடிச்சது. ஓ-வுல இருக்கற அடிச் சங்கிலியே அவங்களுக்கு முழுசா இருக்காது. என் ரத்தம்கூட அவங்களுக்கு விஷம்.” பேச்சை மாற்றப் பார்த்தேன், அவள் மாறவில்லை.

“அப்ப உனக்கு யாரும்மா இருக்கா?”

என் போனை எடுத்து நீட்டினேன். வருடக்கணக்காக ரத்த வங்கிகளில் பழக்கமானவர்களின் எண்களை, பெயருக்குப் பின்னால் ‘ஓ நெக்’ என்று சேர்த்துப் பதிந்து வைத்திருக்கிறேன். மொத்தம் ஆறு பேர். அவள் ஒவ்வொன்றாகத் தட்டி, யார், எங்கே இருக்கிறார்கள், என்ன வயது என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

“இதுல மூணு பேர் அறுபத்தஞ்சத் தாண்டிட்டாங்கம்மா. இனி அவங்ககிட்ட எடுக்க மாட்டாங்க.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் அந்தப் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தன் போனை எடுத்து, பஞ்சு ஒட்டிய கையை மடக்காமல் இன்னொரு கையால், கல்லூரித் தோழிகளுக்கு டைப் செய்ய ஆரம்பித்தாள்: “ஏய், உங்கள்ல யாராவது ஓ நெகட்டிவ் இருக்கீங்களா?”